குரல்வழி வந்த மாண்டலின்

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸைப் பற்றிய கட்டுரைகளும் அஞ்சலிகளும் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் செல்கின்றன. 1969 பிப்ரவரி 28 அன்று ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்துப் பாலகொல்லுவில் பிறந்த குழந்தை ஐந்தாறு வயதில் அப்பா சத்தியநாராயணாவின் மாண்டலினைக் கையில் எடுக்கிறது. ஒன்பது வயதில் குடிவாடா தியாகராஜ ஆராதனையில் மேடையேற்றம், பன்னிரண்டு வயதில் சென்னை டிசம்பர் சீசன், பதினான்கு வயதில் பெர்லின் ஜாஸ் விழா. 1998-இல் பத்மஸ்ரீ. 2014 செப்டம்பர் 19 அன்று, 45 வயதிலேயே மரணம். இந்த வரிசையைச் சொல்லி முடித்ததும் ‘தெய்வப் பிறவி’ என்றோ ‘பூர்வஜன்ம வாசனை’ என்றோ ஒரு வார்த்தையைப் போட்டு நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். அந்த வார்த்தை வந்து விழுந்தவுடன், பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கேள்வி அடிபட்டுப் போகிறது. அவரைப் பாலகொல்லுவிலிருந்து பெர்லினுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது, மாண்டலின் வாசிக்கவே தெரியாத ஓர் ஆசிரியர் பாடிப் பாடிச் சொல்லிக்கொடுத்த பாடம் என்பது என் வாதம். வெளிநாட்டு மேடையில் பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் காரணத்தை அந்தப் பாடத்தில்தான் தேட வேண்டும்.

அந்த ஆசிரியர் ருத்ரராஜு சுப்பராஜு. செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். ஸ்ரீநிவாஸின் அப்பாவுக்கும் அவரே குரு. சிறுவனின் கையில் இருந்த கருவி அவருக்குப் பழக்கமில்லாதது. எந்த விரலை எந்த மெட்டில் வைக்க வேண்டும், மேலிருந்து மீட்டுவதா கீழிருந்து மீட்டுவதா என்றெல்லாம் அவரால் காட்டிக்கொடுக்க முடியாது. அவர் பாடுவார்; பையன் அதைக் கேட்டுத் தந்தியில் கண்டுபிடித்து வாசிக்க வேண்டும். இதை ஒரு குறையாகவும், அந்தக் குறையை மீறி மேதைமை வென்றதாகவும் சொல்லுவார்கள். நான் இதையே பெரிய அனுகூலமாகப் பார்க்கிறேன். வாத்தியக்காரரிடம் வாத்தியம் கற்கும் பிள்ளை முதலில் கண்ணால் கற்கிறது. ஆசிரியரின் கை போகிற இடத்துக்குத் தன் கையைக் கொண்டுபோகிறது. அந்தக் கருவியில் எது சுலபம், எது கஷ்டம் என்பதையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. மாண்டலினில் இதற்கு மேல் முடியாது என்று ஆசிரியரின் கைக்கு ஒரு எல்லை தெரிந்திருந்தால், அந்த எல்லை மாணவனின் கைக்கும் வந்துவிடும். சுப்பராஜுவிடம் அப்படிக் கொடுப்பதற்கு எல்லை எதுவும் இல்லை. அவருடைய தொண்டை எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் தந்தி போயாக வேண்டும். போகவில்லையென்றால் வழி கண்டுபிடிப்பது பையனின் வேலை.

கர்நாடக சங்கீதத்தில் இது புதிய ஏற்பாடும் இல்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று போகும் பாடத்திட்டம் குரலுக்கும் வாத்தியத்துக்கும் ஒன்றுதான். வயலினுக்கென்றோ வீணைக்கென்றோ தனியாக ஒரு பெரிய உருப்படித் தொகுதி நம்மிடம் கிடையாது. வாத்தியக்காரர் வாசிப்பதும் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி பாடிவைத்தவைதான். நல்ல ஆசிரியர் வீணை மாணவரையும் பாடச் சொல்லுவார். சாகித்யத்தில் ஒரு சொல் எங்கே முடிகிறது, மூச்சு எங்கே நிற்கிறது, எந்த நெடில் இழுபடுகிறது, எந்த வல்லெழுத்து தாளத்தின் மேல் விழுகிறது என்பது காதில் ஏறினால்தான் மீட்டும் கைக்கு எங்கே அழுத்த வேண்டும், எங்கே தொடாமல் விட வேண்டும் என்பது தெரியும். ஸ்ரீநிவாஸுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி இருந்தது. தியாகராஜ கிருதிகளின் தெலுங்கு அவருடைய தாய்மொழி. தமிழ்ப் பிள்ளைகள் பலர் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்யும் வரிகள் அவருக்கு வீட்டுப் பேச்சுக்குப் பக்கத்தில் இருந்தன. செம்பையின் பாட்டோ ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகத் தெளிந்து விழும்படி, திறந்த குரலில் பாடுகிற பாணி. அவருடைய சீடர் பாட, அதைக் கேட்டு வாசித்த கையில் ஸ்வரச் சுத்தம் அவ்வளவு சிறிய வயதில் வந்தது தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

குரலைப் பின்தொடர்வது மாண்டலினில் எவ்வளவு கடினம் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் விளங்கும். மாண்டலின் இத்தாலியில் உருவான கருவி. நம் ஊரில் அது சினிமா வாத்தியக்குழுக்களிலும் மெல்லிசை மேடைகளிலும் புழங்கியது. நான்கு ஜோடியாக எட்டுத் தந்திகள், இறுக்கமானவை. தந்தியின் அதிரும் நீளம் ஓர் அடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வீணையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். தந்தி நீளமாக இருந்தால் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் மூன்று நான்கு ஸ்வரங்களைத் தொட்டுவிடலாம். குட்டைத் தந்தி அப்படி வளைந்துகொடுக்காது. ஜோடித் தந்தி என்றால் இரண்டையும் ஒரே அளவில் இழுக்க வேண்டும், ஒன்று பிசகினாலும் அபஸ்வரம். ஒலியும் உடனே அடங்கிவிடும். அதனால்தான் மேற்கத்திய வாசிப்பில் ஒரே ஸ்வரத்தை விடாமல் படபடவென்று மீட்டி நீட்டுகிறார்கள். இப்போது தோடி ராகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்தியமத்தைத் தொடும்வரை அசைந்துகொண்டே இருக்கிறது. காந்தார மெட்டில் விரலை ஊன்றி மீட்டினால் வருவது ஒரு ஸ்வரம், தோடி வராது. படபடவென்று மீட்டினால் அசைவு துண்டுதுண்டாக உடைந்துபோகும். ஒரே மீட்டில் ஒலி நிற்க வேண்டும், அது நிற்கும் நேரத்துக்குள் தந்தி அசைய வேண்டும்.

ஸ்ரீநிவாஸ் கருவியில் செய்த மாற்றங்கள் எல்லாம் இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தவை. ஜோடித் தந்திகளை ஒற்றையாக்கினார். ஐந்தாவது தந்தி ஒன்றைச் சேர்த்து மந்திர ஸ்தாயியைக் கூட்டிக்கொண்டார். மரப்பெட்டி மாண்டலினை விட்டு மின் மாண்டலினுக்கு மாறினார். மின்சாரம் வந்ததும் ஒலி நீடித்தது. நீடித்ததும் கமகத்துக்கும் ஜாருவுக்கும் இடம் கிடைத்தது. சத்தம் கூடுதலாக வேண்டும் என்பதற்காக மட்டும் செய்த மாற்றமாக இதைப் பார்ப்பவர்கள் உண்டு. நீளமாக ஒலிக்க வேண்டும் என்பதே அதைவிட முக்கியமான காரணம். இதற்கு வேறொரு திசையிலிருந்து சாட்சி இருக்கிறது. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற இங்கிலாந்து கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் 1970-களில் ‘சக்தி’ குழுவுக்காகத் தனிக் கிதார் ஒன்றைச் செய்துகொண்டார். மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழித்து, தந்தியை ஆழமாக அழுத்தவும் இழுக்கவும் வழி செய்திருந்தார்கள். வீணையின் கமகத்தைக் கேட்டு வளர்ந்த ஆசை கிதாரின் கழுத்தைக் குடையவைத்தது என்றால், சுப்பராஜுவின் குரல் மாண்டலினின் தந்திகளைக் குறைக்கவைத்தது. பாலுசுவாமி தீட்சிதர், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு ஆகியோர் காலத்திலிருந்து வயலினுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுவே. கருவியின் பிடியும் சுருதியும் மாறின, பாட்டு மாறவில்லை.

இதற்கு முதல் மறுப்பு எல்லோருக்கும் தோன்றுவது: ஆயிரம் பிள்ளைகள் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்கிறார்கள், அத்தனை பேரும் ஸ்ரீநிவாஸ் ஆகிவிட்டார்களா? இல்லை. கேட்டதைக் கேட்டபடி பிடிக்கும் காதும், அதற்கு ஈடுகொடுக்கும் விரலும் அவருக்கு அபூர்வமாக வாய்த்திருந்தன; அதை மறுப்பது வீண்வேலை. ஆனால் பிறவித் திறமை எந்தத் திசையில் போகும் என்பதைப் பிறவி தீர்மானிப்பதில்லை. ஏழு வயதில் கிதார் கலைஞர் வாசு ராவ் மூலம் அவருக்கு மேற்கத்திய இசையும் அறிமுகமாகியிருந்தது. அதே காது, அதே விரல், வேறொரு ஆசிரியர் என்றால் சென்னையின் ரிக்கார்டிங் தியேட்டர்களில் பெயர்பெற்ற ஒரு மாண்டலின்காரர் கிடைத்திருப்பார். அதுவும் மரியாதையான வாழ்க்கைதான். ராகத்தை ஒரு மணி நேரம் விரிக்கிற கச்சேரிக் கலைஞர் கிடைத்ததற்குத் திறமையோடு அந்தத் திறமையின்மேல் வைக்கப்பட்ட எதிர்பார்ப்பும் காரணம். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாழ்க்கையை வைத்துக்கொண்டு பொது விதி எழுத முடியாது. இந்த ஒரு வாழ்க்கையில் பாடமுறை கருவியை மாற்றியதை மட்டும் படிப்படியாகக் காட்ட முடியும். என் வாதத்துக்கு அது போதும்.

அடுத்த கட்டம் சென்னை. குடும்பம் பாலகொல்லுவிலிருந்து அங்கே குடிபெயர்ந்தது. ஒரு பையனின் பயிற்சிக்காகக் குடும்பமே ஊர் மாறுவது நம் இசை உலகில் பழைய கதை. அதன் காரணம் பெரும்பாலும் நடைமுறை சார்ந்தது. 1978-இல் குடிவாடாவில் கிடைத்த மேடை ஆண்டுக்கு ஒருமுறை வருகிற உற்சவ மேடை. சென்னையிலோ சபாக்கள், கூட வாசிக்க வயலின், மிருதங்கம், கடம் வித்வான்கள், தாளம் போட்டுக்கொண்டே கேட்கிற முன்வரிசை ரசிகர்கள், மறுநாள் பத்திரிகையில் எழுதுகிற விமர்சகர்கள். 1981 சீசனில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் அவர் வாசித்தபோது அந்தச் சபையின் சந்தேகங்கள் என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை: வெள்ளைக்காரர் வாத்தியம், மின்சாரம், சின்னப் பையன். அந்தச் சந்தேகங்களை வாதாடிப் போக்க முடியாது. வர்ணத்தை இரண்டு காலத்திலும் சுத்தமாக வாசித்து, ராக ஆலாபனையில் ஜீவஸ்வரம் நின்று, ஸ்வரம் இடத்தில் வந்து விழுந்தால்தான் போகும். வெளிநாடு போவதற்கு முன்னால் இப்படிப்பட்ட சபைகளில் கழிந்த ஆண்டுகள் பாடத்தின் தொடர்ச்சிதான். குரு வீட்டில் கற்றுக்கொடுத்தார். சபை கேட்டுத் திருத்தியது.

இனி வெளிநாடு. கர்நாடக இசைக் கலைஞர் ஒருவர் கடல் தாண்டிப் போவதற்கு அந்தக் காலத்தில் மூன்று வாசல்கள் இருந்தன. முதலாவது, விழா அழைப்புகளும் அரசுமுறைப் பயணங்களும்: 1963-இல் எடின்பரோ விழாவுக்கு எம்.எஸ். சுப்புலட்சுமியும் பாலசரஸ்வதியும் போனார்கள்; 1966-இல் எம்.எஸ். ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். இரண்டாவது, பல்கலைக்கழகம். அமெரிக்காவின் வெஸ்லியனில் டி. ரங்கநாதனும் டி. விஸ்வநாதனும் ஆசிரியர்களாக இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் வயலின் கற்பித்துவந்து, 1958 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு சென்னை திரும்பிய வி. லக்ஷ்மிநாராயணாவின் மகன் எல். சங்கர் அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மெக்லாக்லினோடு ‘சக்தி’யைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். மூன்றாவது வாசல் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது. 1965-இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறியபின் அங்கே போய்க் குடியமர்ந்த டாக்டர்களும் இன்ஜினியர்களும் தங்களுக்கென்று சபாக்களை உருவாக்கினார்கள். கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை 1978-இல் தொடங்கியது. குடிவாடாவில் ஒன்பது வயதுப் பையன் மேடையேறிய அதே ஆண்டு என்பதை ஒரு சுவையான ஒற்றுமையாகக் குறித்துக்கொள்ளலாம்.

1983-இல் ஸ்ரீநிவாஸ் பெர்லினுக்குப் போனதும் விழா அழைப்பின் பேரில்தான், ஆனால் அது வேறு வகை விழா. அவரைக் கேட்டவர்கள் ஜாஸ் ரசிகர்கள். இந்த வேறுபாடு சிறியதல்ல. மேற்கத்திய சாஸ்திரிய சங்கீத அரங்கில் உட்கார்பவர், எழுதிவைத்த இசையைக் கலைஞர் எப்படி வாசிக்கிறார் என்று கேட்கப் பழகியவர். ஜாஸ் ரசிகர் அந்தந்த நிமிடத்தில் பிறக்கும் இசையைக் கேட்கப் பழகியவர். ஒரு சின்னப் பிடியை எடுத்துக்கொண்டு கலைஞர் எத்தனை வழியில் திரும்புகிறார், தாளத்தைத் தாண்டிப்போய் எப்படித் திரும்பிவந்து சேருகிறார் என்று பின்தொடர்வதே அவருக்கு ரசனை. நம் மனோதர்ம சங்கீதத்துக்கு, அதாவது ஆலாபனைக்கும் கல்பனாஸ்வரத்துக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும், இதைவிடப் பொருத்தமான வெளிக்காது கிடைப்பது அரிது. தோடிக்கும் கல்யாணிக்கும் வித்தியாசம் தெரியாதவரும், ஸ்வரக் கோவை மூன்று முறை அடுக்கி வந்து எடுப்பில் இறங்கும்போது ஏதோ ஒன்று சரியான இடத்தில் வந்து பூட்டிக்கொண்டதை உணர்வார். 

இங்கேதான் இரண்டாவது மறுப்பு எழும். கருவி அவர்களுடையது; மின்சார ஒலியும் அவர்களுக்குப் பழகியது; வயதோ பதினான்கு; கைதட்டுவதற்கு இவ்வளவு போதாதா? முதல் பாட்டுக்கு வேண்டுமானால் போதும். தெரிந்த கருவி என்பதால் காது கொடுப்பார்கள் என்பது உண்மையே. ஆனால் அதே பழக்கம் கலைஞருக்கு எதிராகவும் வேலை செய்யும். மாண்டலின் என்றால் அந்தச் சபைக்கு இத்தாலியப் பாட்டும் அமெரிக்க நாட்டுப்புற இசையும்தான் ஞாபகம் வரும். அந்த ஞாபகத்தோடு ஒப்பிட்டு இதில் என்ன புதிது என்று கேட்கிற செவிக்குமுன், அந்தக் கருவியில் அவர்கள் கேட்டேயிராத வளைவையும் அசைவையும் வைத்துக்காட்டினால்தான் நிற்க முடியும். கத்ரி கோபால்நாத் சாக்ஸஃபோனோடு 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ராம்ஸ் மேடை ஏறியதும் இப்படித்தான். ஜாஸின் அடையாளமாகவே இருக்கும் ஒரு கருவியில் ஜாஸ் அல்லாத ஒன்றை முழுமையாகக் காட்டினார். பழக்கமான கருவி இருந்தால்தான் மேற்கு கேட்கும் என்பதும் சரியில்லை. எம்.எஸ்ஸின் கையில் தம்பூரா மட்டும்தானே இருந்தது? நாகஸ்வரத்தோடு ஷேக் சின்ன மௌலானாவும் அயல்நாடுகளில் வாசித்திருக்கிறார்.

மூன்றாவது மறுப்பு இன்னும் கனமானது. வெளிநாட்டுப் பயணம் கலைஞரை நீர்த்துப்போகச் செய்கிறது, ஃப்யூஷனுக்கு இழுத்துக்கொண்டு போகிறது என்பது அது. ஸ்ரீநிவாஸின் இசைத்தட்டுகளில் இதற்கு இரண்டு பக்கமும் ஆதாரம் உண்டு. கனடா கிதார் கலைஞர் மைக்கேல் புரூக்கோடு ரியல் வேர்ல்ட் நிறுவனத்துக்காக 1995-இல் செய்த ‘ட்ரீம்’ தொகுப்பில் மாண்டலின் ஒரு பரந்த ஒலிப்பரப்பின் நடுவே மிதக்கிறது. அழகான இசைதான், ஆனால் அதில் ராகம் வளர்வதற்கான இடம் குறைவு என்பது என் முடிவு. ‘ரிமெம்பர் சக்தி’யில் நிலைமை வேறு. மெக்லாக்லின், தபேலாவில் ஜாகிர் ஹுசேன், கஞ்சிராவிலும் கடத்திலும் விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், பிறகு பாட்டுக்கு ஷங்கர் மகாதேவன் என்று அமைந்த அந்தக் குழுவில், 2000-இல் வெளியான ‘தி பிலீவர்’, அடுத்த ஆண்டு வந்த ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ ஆகியவற்றைக் கேட்டால், கிதாரும் மாண்டலினும் மாறிமாறிக் கேள்வி-பதிலாகப் போகும் இடங்களில் ஸ்ரீநிவாஸ் ராகத்தின் எல்லையை விடாமல் நிற்பது தெரியும். சர்வலகுவாக ஓடும் ஸ்வரமும் கணக்காக வந்து முடியும் கோர்வையும் சென்னை மேடையில் கேட்டவைதான். உடன் வாசிப்பவர்கள் இவரிடம் கேட்டு வாங்கியதும் அதையே. கருவியைவிடப் பாட்டு முந்திக் கற்ற கலைஞருக்குச் சேர்க்கை ஆபத்தாவதில்லை, பாட்டு ஊன்றாமல் கருவி மட்டும் கற்றவருக்குத்தான் ஆபத்து என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். உலகம் முழுக்கச் சுற்றிய ஆண்டுகளிலும் அவர் சென்னைக் கச்சேரியை விட்டுவிடவில்லை.

விலை ஒன்று இருந்ததையும் மறைக்கக் கூடாது. பதினான்கு வயதில் வெளிநாட்டு மேடை என்றால், அந்த வயதுப் பிள்ளைக்கு உரிய பள்ளிக்கூடமும் விளையாட்டும் சாதாரண நட்பும் ஏதோ ஓர் அளவில் கைவிட்டுப் போயிருக்கின்றன என்று பொருள். முடிவு எடுத்தவர்கள் பெரியவர்கள்; உழைத்தது குழந்தை. பால மேதைகளைக் கொண்டாடும் சபாக்களும் பத்திரிகைகளும் இதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அந்த வயதில் வேகம் கைதட்டலைக் கொண்டுவருகிறது. கைதட்டல் வேகத்தைக் கேட்கிறது. ஸ்ரீநிவாஸின் இளமைக்கால வாசிப்பிலும் வேகம் மிகுதி என்ற குறை சொல்லப்பட்டதுண்டு. பின்னாளில் அவர் விளம்பத்தில் நின்று வாசித்த ஆலாபனைகளைக் கேட்டவர்கள் அந்தக் குறையை மீண்டும் சொல்ல மாட்டார்கள். வேகத்திலிருந்து அவர் வெளியே வந்ததற்கும் அடிப்படை அந்தக் குரல்தான் என்று நினைக்கிறேன்: பாடி வாசிக்கிறவருக்கு மூச்சு விட வேண்டிய இடம் தெரியும். விரலுக்கு மூச்சு கிடையாது, அது ஓடிக்கொண்டேயிருக்கும்.

இன்று இளம் கலைஞர்களுக்கு வெளிநாட்டுப் பாதை முன்பைவிட அகலமாக இருக்கிறது. கிளீவ்லாந்து போன்ற ஆராதனைகளில் போட்டிகள் நடக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இணையம் வழியாகச் சென்னை ஆசிரியர்களிடம் கற்று டிசம்பரில் இங்கே வந்து கச்சேரி செய்கிறார்கள். மூன்றாவது வாசல்தான் இப்போது பிரதான வாசல். அதில் இரண்டு மாற்றங்கள் கவனிக்க வேண்டியவை. இணையப் பாடத்தில் குரல் தாமதமாக வந்து சேர்வதால் குருவும் சீடரும் ஒரே நேரத்தில் சேர்ந்து பாட முடிவதில்லை. ஒருவர் பாடி நிறுத்த, மற்றவர் திருப்பிப் பாட வேண்டியிருக்கிறது. வாத்திய மாணவர்களோ திரையில் ஆசிரியரின் கையைப் பார்த்துக் கற்கிறார்கள். கண்ணால் கற்கும் முறை திரும்ப வந்துவிட்டது. சுப்பராஜுவின் முறை இங்கே பழமைவாதமாகாது. கேமராவை அணைத்துவிட்டு, பாட்டை மட்டும் கேட்டு வாசிக்கச் சொல்லும் ஒரு மணி நேரம் எந்த இணைய வகுப்பிலும் சாத்தியம். மற்ற மாற்றம் சபையைப் பற்றியது. நியூ ஜெர்சியிலும் சிட்னியிலும் முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் மயிலாப்பூரின் அதே ரசிகர்கள். என்ன ராகம் என்று முதல் பிடியிலேயே சொல்லிவிடுவார்கள். அந்த ஆதரவு இல்லையென்றால் பல இளைஞர்களுக்கு இசை வாழ்க்கைத் தொழிலாகவே அமைந்திருக்காது. ஆனால் தெலுங்கும் தெரியாத, தியாகராஜரையும் கேள்விப்படாத ஒரு கூட்டத்தின் முன்னால் ராகம் தன் பலத்தில் மட்டும் நிற்கிறதா என்று பார்க்கும் பரீட்சை, பெர்லினில் அந்தப் பையனுக்கு நடந்தது போல, இந்தச் சுற்றுப்பயணங்களில் நடப்பதில்லை. ஆண்டுக்கு ஐம்பது ஊர் போகிற குழுக்கள் அவற்றில் இரண்டொன்றையாவது நம்மவர் இல்லாத விழாக்களுக்கு ஒதுக்கலாம். செலவு கூடும், சன்மானம் குறையும், கேட்பவர் யாரென்று முன்கூட்டித் தெரியாது.